மழையில் வைத்த பெட்டி

லோடுமேன் வீட்டுக்கு எதிரே வேனை நிறுத்துவதற்கு முன்னால் அவன் அந்தத் தெருவை ஒருமுறை நடந்து பார்த்திருந்தான். எது தெரு, எது வீட்டுக்காரர் இடம் என்று தெரிந்தாக வேண்டும். சாக்கடை மூடிக்கு இந்தப் பக்கம் பொது இடம். அந்தப் பக்கம் இரண்டு படி, ஓர் இரும்புக் கதவு, அதற்குள் லோடுமேன். இந்தப் பக்கம் இருந்துகொண்டு கண்ணில் படுவதை எல்லாம் படம் பிடிக்கலாம். தெருவில் போகிற யார் கண்ணிலும் படுவதுதானே. அந்தப் பக்கம் கால் வைத்தால் நிறுவனத்தின் உரிமம் போய்விடும்.

அலுவலகத்தில் அவனைப் ‘பட்டதாரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டம் படித்தவன். வக்கீலாகப் பதிவு செய்யலாம் என்று இருந்தபோது கல்யாணம் நடந்தது. செய்துகொள்ளலாம், செய்துகொள்ளலாம் என்று இருந்தபோது மனைவி காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் அவன் எதற்கும் பதிவு செய்யவில்லை. தனியார் துப்பறியும் நிறுவனம் ஒன்றில் கல்யாணமான புதிதில் கிடைத்திருந்த வேலையில் அப்படியே ஒட்டிக்கொண்டான். ஒரே இடத்தில் உட்கார்ந்து அடுத்தவர் வீட்டு வாசலைப் பார்க்கும் வேலை. அவனுக்குத் தோதாக இருந்தது.

லோடுமேன் விஷயம் இதுதான். கிடங்கில் ஏணி சரிந்து, தோளில் இருந்த சுமையோடு விழுந்தார். இடுப்பு போயிற்று. இனிமேல் இவர் எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் நட்டஈடு கேட்டார். கிடங்குக்குக் காப்பீடு கொடுத்திருந்த கம்பெனி, ஆள் நடிக்கிறார் என்றது. நடிப்பைப் படம் பிடித்துத் தரச் சொல்லித் துப்பறியும் நிறுவனத்தை அமர்த்தியது. விசாரணைக்குத் தேதி குறித்தாயிற்று. அதற்குள் அவர் எதையாவது தூக்குவது படத்தில் விழுந்தால் அவருக்கு ஒரு காசு கிடைக்காது. விழாவிட்டால் உயிர் உள்ளவரை மாதாமாதம் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் வேனுக்குள் பட்டதாரி உட்கார்ந்திருந்தான்.

லோடுமேன் உட்காருவதே ஒரு பெரிய வேலை. கைத்தடியை ஊன்றிக் கதவுக்கு வெளியே வருவார். படியோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். முதலில் தடியைச் சுவரில் சாய்ப்பார். பிறகு நாற்காலியின் கையைப் பிடிப்பார். பிறகு கொஞ்சம் யோசிப்பார். அப்புறம்தான் உடம்பு இறங்கும். இறங்கும்போது முகத்தில் ஒரு சுளிப்பு வரும். யாரும் பார்க்காதபோதும் அது வந்தது. நடிக்கிறவனுக்கு அங்கேதான் வழுக்கும் என்று பட்டதாரிக்குத் தெரியும். இவருக்கு வழுக்கவே இல்லை.

மனைவி தையல் ஆலையில் வேலை. கிளம்பும்போது தண்ணீர், ரேடியோ, மாத்திரை எல்லாவற்றையும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, தெருவில் நின்று ஒருமுறை மிரட்டிவிட்டுத்தான் போவாள்.

“எதையும் தூக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

“உன்னையவே தூக்க மாட்டேன், போ. பஸ் போயிரும்.”

“ஆமா, என்னைத் தூக்கித்தான் இடுப்பு போச்சு பாருங்க.”

எதிர்வரிசையில் ஒரு பெயிண்ட் கடை. லாரி வந்து நின்றால் லோடுமேனுக்குக் கை சும்மா இருக்காது. உட்கார்ந்த இடத்திலிருந்தே விரல்கள் எதையோ பிடிக்கும், விடும். வாயும் சும்மா இருக்காது.

“தம்பி, மேல புடிக்காதே. அடியில கை குடு. அட்டை கிழிஞ்சா உன் கால்லதான் விழும்.”

“வந்து காட்டுங்கண்ணே,” என்பான் கடைப் பையன்களில் ஒருவன்.

“வர்றேன். உன் சம்பளத்தை எனக்குக் குடுக்கச் சொல்லு.”

ஒருநாள் லாரியிலிருந்து இறக்கிய ஒரு பெட்டி தெருவிலேயே நின்றுவிட்டது. டீ குடிக்கப் போய்விட்டார்கள். தூறல் போட ஆரம்பித்தது. லோடுமேன் நாற்காலியின் கைகளைப் பிடித்துப் பாதி எழுந்தார். முடியவில்லை. உட்கார்ந்துகொண்டு கத்தினார். “நனையுதுப்பா. யாருய்யா அங்க, பெட்டி நனையுது.” கடைக்காரர் வெளியே வந்து பெட்டியை உள்ளே இழுத்துப்போகும் வரை அவர் கத்துவதை நிறுத்தவில்லை. பச்சைப் பிள்ளையைத் தெருவில் போட்டுவிட்டுப் போனவர்களைத் திட்டுவதுபோல் திட்டினார். அப்புறம் தன் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

வேனுக்குள் பட்டதாரியும் சிரித்தான். வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அது அவனுக்கே அன்னியமாகப் பட்டது.

நிறுவனம் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. ஈயம் பற்றவைக்கும் வாசனை எப்போதும் படியேறி வந்துகொண்டிருக்கும். நடத்துபவர் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். ஓய்வு பெற்று வருஷக்கணக்கு ஆகியும் எல்லோருக்கும் இன்ஸ்பெக்டர்தான். அவருக்கும் அப்படித்தான்.

“என்ன பட்டதாரி, உங்க ஆளு இன்னிக்காவது எதையாவது தூக்கினாரா?”

“தண்ணி பாட்டில் சார்.”

“பெரிய பாட்டிலா?”

மூலையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா குலுங்கிச் சிரித்தார். அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை. ஆளைத் தேடிப் போகும் வீடுகளில் “நான் அவனுக்குச் சித்தப்பா முறை” என்று சொல்லி உள்ளே போய் டீ குடித்துவிட்டு வருகிறவர். அப்படியே பெயர் நின்றுவிட்டது. சொந்த அண்ணன் மகன் அவரோடு பேசுவதில்லை.

“கம்பெனி வக்கீல் காலைலயே போன் போட்டுட்டார்,” என்றார் இன்ஸ்பெக்டர். “நம்ம பில்லைப் பார்த்தா, பேசாம அந்த ஆளுக்கே நட்டஈட்டைக் குடுத்திருக்கலாம் போலங்கறார்.”

“குடுத்துடலாம் சார். அவர் நடிக்கல. நெஜமாவே முடியல.”

“அதை டாக்டர் சொல்லணும். நீங்க டாக்டரா?”

“இல்ல.”

“வக்கீலா?”

“இல்ல.”

“அப்ப கேமராவைப் புடிங்க.”

சித்தப்பா தாடையைச் சொறிந்தார். “ஒரு சைக்கிள் கிக்கிள் இருந்தாலாவது காத்தைப் புடுங்கி விடலாம். குனிஞ்சுதானே ஆகணும்.”

“நடத்தி எடுக்கக் கூடாது சித்தப்பா,” என்றான் பட்டதாரி. பழக்கத்தில் வந்த பதில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன்தான் அதைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினான். நடப்பதை எடுக்கலாம், நடத்தி எடுக்கக் கூடாது. ஒருவரை ஏமாற்றி ஒன்றைச் செய்யவைத்து, அதையே அவருக்கு எதிரான சாட்சியாக்குவது குற்றம் என்று எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினான். இன்ஸ்பெக்டருக்கு அது பிடித்திருந்தது. வாடிக்கையாளர் வந்தால் அந்தச் சுவரைப் பார்த்தாற்போல உட்காரவைப்பார்.

“யாருய்யா நடத்துறா?” என்றார் இன்ஸ்பெக்டர் இப்போது. “ஒரு பார்சல் வருது. யாரு வீட்டுக்குத்தான் பார்சல் வரல? வாசல்ல வச்சுட்டுப் போறோம், தெருவுல. எடுங்கன்னு யாரு சொன்னா?”

“எடுக்க மாட்டார் சார்,” என்றார் சித்தப்பா. “பொண்டாட்டி வர்ற வரைக்கும் அது பாட்டுக்குக் கெடக்கட்டும்னு விட்டுருவார்.”

“சாதாரணமா வச்சா விட்டுருவார்,” என்றான் பட்டதாரி. “மழையில வச்சா எடுத்துருவார்.”

கீழே கடையில் யாரோ ஒரு செல்போனின் மணியைத் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் அதை யோசனையாகச் சொல்லவில்லை. சித்தப்பா சொன்னது தப்பு, அவ்வளவுதான். அந்த மனிதரைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பது நாக்கு நுனியில் இருந்தது, வந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாதது அவனுடைய வியாதி.

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார்.”

“நானும் சும்மாதான் கேட்டேன்,” என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்.

மழை ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெயிண்ட் கடை பூட்டியிருந்தது. லோடுமேன் மனைவிக்கு ஓவர்டைம். இதெல்லாம் பட்டதாரி எழுதிக்கொடுத்த அறிக்கைகளில் இருந்தவைதான்.

முடியாது என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அவனிடம் சட்டமும் இருந்தது, வாயும் இருந்தது. சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் போனில் கூப்பிட்டு, “நாளைக்கு வேன்ல இருங்க. பெட்டி எங்க பாடு, படம் உங்க பாடு,” என்றபோது, “சரி சார்,” என்றான். அவன் மறுத்தால் வேறு யாராவது உட்காரப் போகிறார்கள். அப்படி நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. மனைவி போன பிறகு அவன் எதற்குமே முடியாது என்று சொன்னதில்லை. முடியாது என்று சொல்ல உள்ளே ஓர் ஆள் வேண்டும்.

மழைக்கோட்டு, தலைக்கவசத்தோடு சித்தப்பா பைக்கில் வந்தார். பின்னால் கட்டியிருந்த பெட்டியை அவிழ்த்துச் சாக்கடை மூடிக்கு இந்தப் பக்கம், சரியாகப் பொது இடத்தில் இறக்கிவைத்தார். இறக்கும்போது அவரே ஒரு முனகல் முனகினார். ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கதவு திறக்க நேரமாயிற்று. லோடுமேன் தடியோடு வந்து நின்றார். தெருவின் இரு பக்கமும் பார்த்தார். “யாருப்பா?” என்று கேட்டது மழைச் சத்தத்தில் பாதிதான் வந்தது. பெட்டியைப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பதில் இல்லை. உள்ளே போனார்.

எடுக்கவில்லை என்று பட்டதாரி நினைத்தான். மூச்சு ஒன்று இறங்கிற்று.

லோடுமேன் திரும்பி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. தடியின் நுனியால் அதைத் தள்ளித் தள்ளிப் பெட்டியின் மேல் போர்த்தினார். காற்று அடித்தது. விரிப்பு பறந்து வேன் பக்கம் வந்து விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் நின்றார். அட்டையின் ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று யாருக்கோ சொல்வதுபோல. பிறகு தடியைப் படியில் வைத்தார். முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி, ஒழுங்காக உட்கார்ந்து, அடியில் கை கொடுத்துத் தூக்கினார்.

அருமையான தூக்கு. தொழில் தெரிந்தவர் தூக்கு. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு படியும் ஏறி அவர் உள்ளே போனார்.

கதவு திறந்தே இருந்தது. சாரல் உள்ளே அடித்தது. மூட யாரும் வரவில்லை. தடி படியில் நனைந்துகொண்டு கிடந்தது.

தடி இல்லாமல் அவரால் வீட்டுக்குள்ளேகூட நடக்க முடியாது என்று பட்டதாரிக்குத் தெரியும். இறங்கிப் போய்ப் பார்க்கலாம். சாக்கடை மூடிக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் இடம், அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். யார் கூப்பிட்டது, எங்கிருந்து கூப்பிட்டது என்ற கேள்வி வரும். சட்டம் படித்த மண்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு தடையை எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தது. அன்று அவன் மீறாத விதி, அந்த மூடியைத் தாண்டக் கூடாது என்பது ஒன்றுதான். சாயங்காலம் வரை மீறவில்லை.

சாயங்காலம் லோடுமேன் மனைவி குடையோடு வந்தாள். படியில் கிடந்த தடியைப் பார்த்தாள். குடையை மடக்கவில்லை, அப்படியே தெருவில் விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பிறகு வெளியே ஓடிவந்து பக்கத்து வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். ஆம்புலன்ஸ் வந்து போகும்வரை கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அணைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

வீட்டில் மாமியார் இருந்தார். மகள் இறந்த பிறகும் அவர் போகவில்லை. போகச் சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை. மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்குப் போய்வந்து, இரண்டு பேருக்கும் சமைத்துவைப்பார். பேச்சு அதிகம் கிடையாது. பேசினால் தைக்கும்.

“இன்னிக்கு யார் வீட்டு வாசல் மாப்பிள்ளை?”

“அதே வீடுதான்.”

“ஞாயித்துக்கிழமையுமா? அப்படி என்ன இருக்கு அங்க?”

“வேலை அத்தை.”

அவர் தட்டை வைத்தார். தண்ணீர் வைத்தார். எதிரே உட்காராமல் சுவரோரம் நின்றார்.

“நல்லா பார்ப்பீங்கன்னு உங்க ஆபீஸ்ல பெருமையா சொல்லிக்கிறாங்களாம். அந்தச் சித்தப்பா கடைக்கு வந்தப்ப சொன்னார். ஒரு ஆளு எத்தனை தடவை இருமுறான்னுகூட மாப்பிள்ளை எழுதிருவார்னு.”

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“எம் பொண்ணு படுத்துக் கெடந்தப்ப இருமினாளா, இல்லையா? ஞாபகம் இருக்கா உங்களுக்கு?”

ஞாபகம் இல்லை. அன்றைக்கெல்லாம் அவன் வேறு ஒரு வாசலில் இருந்தான். மாமியாரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார். லோடுமேன் பெட்டியைத் தூக்கி உள்ளே போகும் இடம்வரை வெட்டி வைக்கச் சொன்னார். சித்தப்பா வருவதும் வேண்டாம், திறந்து கிடந்த கதவும் வேண்டாம்.

“முழுசாக் குடுக்கணும் சார். வெட்டிக் கொடுத்தா அது சாட்சியைத் திரிக்கிறது.”

“கேட்டா முழுசாக் குடுப்போம். கேக்க மாட்டாங்க.”

“ஆஸ்பத்திரியில இருக்கார் சார். ரெண்டு காலும் வரலயாம்.”

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. சித்தப்பாவின் மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டியவர்.

“தூக்கினதால வந்ததுன்னு யாரு சொன்னா? ஏற்கெனவே அடிபட்ட இடுப்பு. என்னிக்கு வேணா விலகும்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எடுத்தது நீங்க. விசாரணையில நீங்கதான் சாட்சி சொல்ல ஏறணும். கேட்டதுக்கு மட்டும் பதில். நீட்டாதீங்க.”

விசாரணை அறை சின்னது. மேலே மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிற்று. மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி, ஜலதோஷம் பிடித்தவர். ஒரு பக்கம் கம்பெனி வக்கீல். மறுபக்கம் லோடுமேனுக்காக வந்த வக்கீலம்மா, கையில் தடியான காகிதக் கட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையம். லோடுமேனைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள் மனைவி. மடியில் போர்வை. இத்தனை நாள் கேமரா வழியாகப் பார்த்த முகம் கிட்டத்தில் சிறியதாக இருந்தது. லோடுமேன் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். முன்பின் தெரியாதவருக்குக் காட்டும் மரியாதை.

படத்தைப் போட்டார்கள். திரையில் லோடுமேன் தூக்கினார், ஏறினார், போனார். அறையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். அவருக்கு இது சம்பிரதாயமான கேள்வி. “இந்தப் பதிவை எடுத்தது நீங்கதானே?”

“ஆமா.”

“பொது இடத்திலிருந்து எடுத்தது?”

“ஆமா.”

“அவரா வந்தார், அவரா தூக்கினார். நீங்க பார்த்துட்டு மட்டும்தான் இருந்தீங்க. சரிதானே?”

சரி என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான்.

“இல்ல. பெட்டியை நாங்கதான் வச்சோம்.”

விசாரணை அதிகாரி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

அவனுக்குப் பெரிய ஆவேசம் ஒன்றும் வரவில்லை. தெரிந்ததைச் சொன்னான். இன்ஸ்பெக்டர் சொல்லி, சித்தப்பா வைத்தார், தூக்கட்டும் என்றுதான் வைத்தோம் என்றான். மழையில் வைத்தால்தான் எடுப்பார் என்று சொன்னது யார் என்று அதிகாரி கேட்டார். “நான்,” என்றான். அதற்கு முன்னால் இத்தனை வாரம் கண்காணித்ததில் அவர் ஒருநாள்கூட எதையும் தூக்கியதில்லை, ஒருநாள்கூட நடிக்கவில்லை, அந்தப் பதிவுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன என்றான். நீட்டாதே என்று சொன்னதை மறந்து நீட்டினான். சொல்லச் சொல்ல உடம்பு லேசாயிற்று. வக்கீலம்மா அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தாள். லோடுமேன் மனைவி முதல் முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

கதவோரம் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் அசையவில்லை.

கம்பெனி வக்கீல் மேசையில் இருந்த மருத்துவமனை அறிக்கையை எடுத்துப் புரட்டினார். நிமிர்ந்தபோது அவர் குரல் முன்பைவிட மென்மையாக இருந்தது.

“ரொம்ப நல்லது. மறைக்காம சொன்னதுக்கு நன்றி. அந்தப் பெட்டியைத் தூக்குறதுக்கு முந்தின நாள் வரைக்கும் இவர் நடந்துட்டு இருந்தாரா?”

“தடி வச்சு நடந்தார்.”

“வாசல்ல வந்து உட்காருவார்?”

“ஆமா.”

“எதிர்க்கடைக்காரங்களோட பேசுவார், சிரிப்பார்?”

அப்போதுதான் கேள்வி எங்கே போகிறது என்று பட்டதாரிக்குத் தெரிந்தது. வக்கீலம்மாவுக்கு அவனுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அவள் எழுந்து ஆட்சேபித்தாள். பதில் சொல்லட்டும் என்றார் அதிகாரி.

“சிரிப்பார்,” என்றான்.

“இன்னிக்கு ரெண்டு காலும் வராததுக்குக் காரணம் அந்தப் பெட்டி. கிடங்குல விழுந்தது இல்ல. நான் சொல்றது சரியா?”

அவனுக்குத் தெரியும். டாக்டரும் அதையேதான் எழுதியிருந்தார், நாளும் கிழமையும் போட்டு.

“சரி.”

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கிடங்கில் பட்ட அடி உண்மைதான், அதைக் கம்பெனி மறுக்கவில்லை, தடி ஊன்றி நடக்கும் ஒருவருக்கு என்ன உண்டோ அதைக் கொடுக்கத் தயார் என்றார் வக்கீல். தடி ஊன்றி நடப்பவர் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போயிருக்கலாம்; அதற்கு மேல் ஆனது கிடங்கில் ஆனது இல்லை. துப்பறியும் நிறுவனம் சட்டத்துக்குள் நின்றே வேலை செய்யும், மீறினால் பொறுப்பு அவர்களுடையது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. சாட்சி குறிப்பிட்ட எல்லாப் பதிவுகளையும், வெட்டாமல், முழுசாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கம்பெனியே கேட்டுக்கொள்கிறது. அந்த மனிதர் எவ்வளவு நன்றாக நடந்தார், எப்படிச் சிரித்தார் என்று அதிகாரி பார்க்கட்டும்.

அதிகாரி இன்ஸ்பெக்டரை எழுந்திருக்கச் சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நிறுவனத்தின் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதைச் சொன்னார். எழுதியவர் இதோ நிற்கிறார், மழையில் வைக்கச் சொன்னதும் தான்தான் என்று அவரே சத்தியம் பண்ணிச் சொல்லிவிட்டார், இதில் நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லை என்றார். பொய்தான். ஆனால் அதில் பாதி பட்டதாரியின் வாயிலிருந்து வந்த உண்மையால் கட்டியது. பிடுங்க முடியாது.

படத்தை ஆதாரமாக ஏற்க முடியாது என்று அதிகாரி தள்ளினார். ஆயுளுக்கும் மாதாமாதம் என்ற கோரிக்கையையும் தள்ளினார். சின்னத் தொகை ஒன்றை, ஒரே தவணையாகக் கொடுக்கச் சொன்னார். மீதிக்கு, பெட்டி வைத்தவர்கள்மேல் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றார். சொல்லிவிட்டுத் தும்மினார்.

வெளியே நடைவழியில் பெஞ்சு ஒன்று. வக்கீலம்மா அடுத்த அறைக்கு ஓடியிருந்தாள், அங்கே அவளுக்கு வேறொரு வழக்கு. இன்ஸ்பெக்டர் அவனைத் தாண்டிப் போகும்போது, “நாளைலேர்ந்து வர வேண்டாம்,” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

லோடுமேன் கையைக் காட்டி அவனைக் கூப்பிட்டார். போனான். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று போனான்.

“ஒண்ணு கேக்கணும் தம்பி. பெட்டிக்குள்ள டைல்ஸ் இருந்துச்சே.”

“ஆமாண்ணே.”

“எல்லாம் உடைஞ்சு கெடந்துச்சு. நான் விழுந்தப்ப உடைச்சுட்டேன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பகூட அதே நெனப்பு. யாரு பார்சலோ, தேடி வந்தா என்ன பதில் சொல்றதுன்னு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஏற்கெனவே உடைஞ்சதா அது?”

“உடைஞ்சதைத்தான் போட்டோம். எடைக்காக.”

லோடுமேன் முகம் தெளிந்தது. மனைவி பக்கம் திரும்பினார். “கேட்டியா? நான் உடைக்கல.”

அவள் போர்வையை அவர் கால்களைச் சுற்றிச் செருகினாள். அந்தக் கால்களில் உணர்ச்சி இல்லை என்பது தெரிந்தும் மெதுவாகச் செருகினாள். பிறகு பட்டதாரியைப் பார்த்தாள்.

“உங்க மேல கேஸ் போடச் சொல்றாங்க. போட்டா உங்ககிட்டேர்ந்து என்ன கெடைக்கும்?”

அவன் யோசித்தான். வேலை இல்லை. இருப்பது வாடகை வீடு.

“ஒண்ணும் கெடைக்காது,” என்றான். அதுவும் உண்மைதான்.

“நெனச்சேன்.” நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். “உண்மையைச் சொன்னவருக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வாங்கன்னு வக்கீலம்மா சொல்லிட்டுப் போனாங்க. என்னால முடியாது.”

தள்ளிக்கொண்டு போனாள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. நடைவழி திரும்பும் இடத்தில் லோடுமேன் அவளிடம் எதையோ சொல்லிக் கையை ஆட்டினார். அவள் குனிந்து கேட்டாள், நிமிர்ந்தாள், திரும்பிப் பார்க்காமல் தள்ளினாள். அவர் என்ன சொன்னார் என்று அவனுக்குக் கேட்கவில்லை.